வகுப்புக்கு வரும் முன்பே தொடங்கிவிடும் சேட்டை

ஒரே பிள்ளையிடம் ஒரே மாதிரி வேலையைக் கொடுக்கிறோம். புதன்கிழமை முனகிக்கொண்டாவது செய்து முடிக்கிறான். திங்கட்கிழமை கொடுத்தால் நோட்டு பறக்கிறது, பக்கத்தில் இருப்பவன் அடி வாங்குகிறான். பாடம் அதேதான், ஆசிரியரும் அதே ஆள்தான். அப்படியானால் மாறியது எது?

பல வருடங்களாக நடுநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து வருகிறேன். எந்தத் தண்டனை கொடுக்கலாம் என்று யோசிக்கும் நேரத்தில் பாதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தாலே போதும், வகுப்பில் நடக்கும் ரகளையில் கணிசமானது நடக்காமலே போய்விடும் என்பதுதான் நான் பார்த்தது.

நாம் வழக்கமாகப் பார்ப்பது கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும்தான். "நோட்டை எடு என்றேன், தூக்கி எறிந்தான்." தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுப்பதும் அந்த ஒரு வரிதான். நடத்தையை ஆராய்கிறவர்கள் இதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது. வேலை கொடுத்தோம், எறிந்தான், வெளியே நிறுத்தினோம். அதாவது வேலையிலிருந்து தப்பித்துவிட்டான். அடுத்த முறையும் எறிவான். இது உதவும் பார்வைதான், ஆனால் திங்களுக்கும் புதனுக்கும் உள்ள வித்தியாசத்தை இது சொல்லாது. அதற்கு நான்காவதாக ஒரு கட்டம் வேண்டும். அதில் எழுத வேண்டியது அதற்கும் முன்னால், சில சமயம் முந்தின இரவே நடந்து முடிந்திருக்கும்.

உளவியலாளர் ஜே. ஆர். கேன்ட்டர் முன்வைத்த இந்தப் பின்னணிக் காரணி என்ற கருத்தை, 1961-இல் சிட்னி பிஜூவும் டொனால்ட் பேரும் குழந்தை வளர்ச்சிக்குப் பொருத்திக் காட்டினார்கள். பின்னர் 1982-இல் ஜாக் மைக்கேல் இதை இன்னும் கூர்மையாக்கினார். பசி, வலி, தூக்கமின்மை போன்ற நிலைகள் ஒரு விஷயம் நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதையே அந்த நேரத்துக்கு மாற்றிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். வகுப்பறைக்கு இதைக் கொண்டுவந்தால் இப்படி வரும்: நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளைக்குக் கணக்கு ஒரு சின்னத் தொல்லை. தூங்காத பிள்ளைக்கு, அந்தக் கணக்கிலிருந்து எப்படியாவது விடுபட்டாக வேண்டும். வெளியே நிற்க வைப்பேன் என்று மிரட்டினால் அன்றைக்கு அது மிரட்டலாகவே இருக்காது. அவன் கேட்டதே அதுதானே.

மார்க் ஓ'ரெய்லி என்ற ஆய்வாளரின் இரண்டு சிறிய ஆய்வுகள் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். 1995-இல் வெளிவந்ததில், அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒருவர் வேலை சொன்னால் தாக்குவார். ஆனால் போதிய தூக்கம் இல்லாத நாட்களில்தான் அது அதிகமாக இருந்தது. 1997-இல் வெளிவந்ததில், ஒரு சிறு குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொள்ளும். நடுக்காதில் தொற்று இருந்த காலங்களில்தான் அது நடந்தது. இரண்டிலும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்திருந்தால் காரணம் கிடைத்திருக்காது.

சரி, முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? எல்லோருக்கும் பார்க்கத் தேவையில்லை. அடிக்கடி பிரச்சினையில் மாட்டும் இரண்டு மூன்று பேருக்குப் பார்த்தால் போதும். நான் ஒரு சாதாரண நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாள், பீரியட், கொடுத்த வேலை, நடந்தது, அன்று காலை அவன் எப்படி வந்தான். இதில் பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: நல்ல நாட்களையும் எழுத வேண்டும். சண்டை போட்ட நாட்களை மட்டும் எழுதினால் அது குற்றப் பட்டியலாகிவிடும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அமைதியாகப் போன நாளோடு வைத்துப் பார்க்கும்போதுதான் ஏதாவது கண்ணில் படும். மூன்று வாரம் பொறுமையாக எழுதினால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரிந்துவிடும். இந்தக் கிழமை, இந்த பீரியட், மதியத்துக்குப் பிறகு, லீவு முடிந்த மறுநாள் என்று ஏதோ ஒன்று.

மேலே சொன்ன திங்கட்கிழமைப் பையனையே எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் அறையில் எல்லோரும் சொன்னது, "சனி ஞாயிறு வீட்டில் ஏதோ நடக்கிறது." நோட்டைப் பார்த்தால் திங்கள் மட்டுமில்லை, எந்த லீவு முடிந்து வந்தாலும் முதல் நாள் அப்படித்தான். நீண்ட விடுமுறை முடிந்து வந்த வாரம் இன்னும் மோசம். அம்மாவிடம் பேசியபோது தெரிந்தது, வீட்டில் சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. லீவு நாட்களில் பையன் மதியம் வரை தூங்குவான். அதனால் ஞாயிறு இரவு எத்தனை மணிக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. திங்கள் காலை நான்கைந்து மணி நேரத் தூக்கத்தோடு வந்து உட்காருவான்.

பதின்பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது பெரியவர்களை விடவும் சிறு பிள்ளைகளை விடவும் தாமதமாகத் தொடங்கும். அதனால் "சீக்கிரம் படு" என்று அதட்டுவதில் பெரிய பயன் இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொன்ன அளவு, 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். இதைச் சொன்னால் பல பெற்றோர் முகத்தில் ஆச்சரியம் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏழு மணி நேரம் தாராளம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் நான் கேட்டது படுக்கும் நேரத்தைப் பற்றி இல்லை, எழும் நேரத்தைப் பற்றி. லீவு நாளிலும் வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ள வேண்டாம், எழுந்ததும் வெளிச்சத்துக்கு வரட்டும், ராத்திரி போன் வேறு அறையில் இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் வீட்டில் ரகளை. அப்புறம் பழகிவிட்டது. முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நோட்டு பறக்கும் திங்கள்கள் அரிதாகின.

இன்னொரு பிள்ளை, பெண். "கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், அவ்வளவு திமிர்" என்று பெயர் எடுத்தவள். சில வாரம் நன்றாக இருப்பாள், சில வாரம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள். நோட்டில் பார்த்தபோது மோசமான வாரங்கள் எல்லாம் சளிப் பிடித்து லீவு போட்டுவிட்டு வந்த பிறகு வந்தவை. நேருக்கு நேர் நின்று பேசினால் பதில் சொல்வாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாலோ பின்னாலிருந்து கூப்பிட்டாலோ பதில் வராது. மருத்துவர் பார்த்துவிட்டுச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார். சளிக்குப் பிறகு இப்படி வருவது பிள்ளைகளிடம் சகஜம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கேட்பது மட்டும் மந்தமாகிவிடும். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். அதனால்தான் கண்டுபிடிப்பதும் கஷ்டம், பரிசோதனைக்குப் போகும் நாளில் காது நன்றாகவே கேட்கலாம். பாதி கேட்டு பாதி ஊகித்து நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மதியத்துக்கு மேல் பொறுமை எங்கிருந்து வரும்? முன் வரிசையில் உட்கார வைத்தோம், பக்கத்தில் போய்ப் பெயர் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினோம், சொன்னதைப் பலகையிலும் எழுதினோம். திமிர் என்ற பேச்சு ஸ்டாஃப் ரூமில் நின்றுபோனது.

பின்னணி என்றதும் எல்லோரும் வீட்டை நோக்கித்தான் விரல் நீட்டுகிறோம். நான் பார்த்தவரை சரிபாதி பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. மதியம் இரண்டாவது பீரியடில் தினமும் யாரையாவது இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு சிறுவன் காலையிலிருந்து கழிப்பறைக்கே போவதில்லை என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. இடைவேளையில் அங்கே பெரிய வகுப்புப் பையன்கள் நின்று கேலி செய்வார்கள். போகாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறவனிடம் "அசையாமல் உட்கார்" என்றால் எப்படி உட்காருவான்? இதற்கு உளவியல் ஆலோசனை எதுவும் தேவைப்படவில்லை. வகுப்பு நடக்கும்போதே போய்வர அவனுக்கு அனுமதி கொடுத்தோம். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஒரு ஆசிரியர் நின்றார். அதனால் இவனுக்கு மட்டுமில்லை, பெயர் தெரியாத இன்னும் எத்தனையோ பேருக்கு நல்லது நடந்திருக்கும்.

இதே மாதிரிப் பள்ளிக்குள் இருப்பவை: விளையாட்டு பீரியட் முடிந்து மூச்சு வாங்கும்போதே தேர்வு, சொல்லாமல் மாற்றிய கால அட்டவணை, திடீரென்று வரும் மாற்று ஆசிரியர், காற்று வராத கடைசி வரிசை, எதிரிகள் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தது. அட்டவணை மாறுவதை முந்தின நாளே சொன்னால் சில பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும். பள்ளி தொடங்கும் நேரம் கூட இதில் சேரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அது நம் கையில் இல்லை. முதல் பீரியடில் என்ன வைப்பது என்பது பல பள்ளிகளில் நம் கையில்தான் இருக்கிறது. (ஆசிரியர் சரியாகத் தூங்காமல் வந்தால் என்ன ஆகும் என்பதையும் எழுதலாம். அதற்கு ஒரு நோட்டு போதாது.)

படிக்கத் திணறுவதும் ஒரு பின்னணிதான். தினமும் கூடவே இருப்பதால் அது காரணமாகவே நமக்குத் தோன்றாது. வாசிக்கச் சொல்லும் நேரத்தில் மட்டும் ஒருவன் கோமாளித்தனம் செய்கிறான் என்றால் முதலில் அவனைத் தனியாக வாசிக்க வைத்துப் பாருங்கள். மக்கு என்ற பெயரைவிட ரவுடி என்ற பெயர் அவனுக்கு எவ்வளவோ மேல்.

என் நாளில் அதிகப் பலன் தருவது வாசலில் நிற்கும் ஐந்து நிமிடம். பிள்ளைகள் உள்ளே வரும்போது பெயர் சொல்லி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆல்டேவும் பகுராரும் 2007-இல் மூன்று மாணவர்களை வைத்து இதைப் பார்த்தார்கள். ஆசிரியர் வாசலில் பெயர் சொல்லி வரவேற்ற நாட்களில், முதல் பத்து நிமிடத்தில் வேலையில் கவனம் செலுத்தியது சராசரியாக 45 சதவீதத்திலிருந்து 72 சதவீதமாக உயர்ந்தது. மூன்றே பேர் என்பதால் இதை வைத்துப் பெரிதாக முழங்க முடியாது. ஆனால் எனக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு, ஆளைப் பார்த்துவிடலாம். கண் சிவந்திருக்கிறதா, பை இழுபடுகிறதா, தினமும் சேர்ந்து வரும் இருவர் இன்று தனித்தனியாக வருகிறார்களா என்று.

பார்த்ததும் "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று நாலு பேர் முன்னால் கேட்கக் கூடாது. கேட்டால் "ஒண்ணுமில்ல மிஸ்" என்றுதான் வரும், அதோடு கதவும் மூடிவிடும். நான் கண்காணிக்கும் பிள்ளைகளோடு ஒரு ஏற்பாடு உண்டு. உள்ளே வரும்போது நெஞ்சுக்கு நேராக விரல் காட்டுவார்கள். ஐந்து என்றால் நன்றாக இருக்கிறேன், ஒன்று என்றால் கிட்ட வராதீர்கள். காரணம் கேட்க மாட்டேன் என்பது ஒப்பந்தம். காரணம் தெரியாமலேயே அன்றைக்கு எப்படி நடத்துவது என்று முடிவு செய்துவிடலாம்.

ஒன்று இரண்டு காட்டிய நாளில் நான் பாடத்தை எளிதாக்குவதில்லை, அளவைக் குறைப்பேன். பத்துக் கணக்கில் நான்கு, ஆனால் கடினமானதும் அதில் ஒன்று இருக்கும். எதை முதலில் செய்வது என்று அவனே தேர்ந்தெடுக்கலாம். தொடங்கும்போது அவனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய இரண்டு மூன்று சின்ன வேலைகளை அடுத்தடுத்துக் கொடுப்பேன். தேதி எழுது, இந்த வரியைக் கோடிடு, இந்தத் தாள்களைக் கொடுத்துவிட்டு வா. அதன் பிறகு உண்மையான வேலை. ஓடத் தொடங்கிய வண்டி மேட்டில் ஏறிவிடும் என்கிற கணக்குதான். சார்லஸ் மேஸ் குழுவினர் 1988-இலேயே இந்த முறையைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அவனை எழுப்பி எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்க மாட்டேன்.

இந்த இடத்தில் சக ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். "அவனுக்கு மட்டும் என்ன சலுகை? நாளைக்கு வகுப்பே ஒரு விரல் காட்டும்." நியாயமான பயம். என் பதில் இரண்டு. விட்டுப்போன ஆறு கணக்கு மாயமாய் மறைவதில்லை, நல்ல நாளுக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அது தெரிந்த பிறகு சும்மா விரல் காட்டுகிறவர்கள் அதிகம் இருப்பதில்லை. இரண்டாவது விஷயம் நேரம், இதுதான் முக்கியம். எறிவதற்கு முன்னால் கொடுத்தால் அது உதவி. எறிந்த பிறகு அதே சலுகையைக் கொடுத்தால், எறிந்தால் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். அதனால் அடித்துவிட்ட பிறகு பின்னணியைப் பற்றிய பேச்சே கிடையாது. அடித்தால் என்ன என்று விதி சொல்கிறதோ அதுதான், தூக்கம் வராதவனுக்கும். பரிவு எல்லாம் காலையிலேயே, வாசலிலேயே.

காலப்போக்கில் விரல் காட்டுவதும் போய் வாயால் கேட்க வர வேண்டும். எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985-இல் காட்டியது இதைத்தான். பிள்ளை எதற்காக ரகளை செய்கிறதோ அதையே பேசிக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் ரகளை குறைகிறது. "கொஞ்ச நேரம் வேணும் மிஸ்", "புரியல, பக்கத்துல வாங்க" என்ற இரண்டு வாக்கியங்களை நான் அமைதியான நாட்களில் பயிற்சி கொடுப்பேன். கோபத்தில் இருக்கும்போது யாராலும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள முடியாது. முதல் சில வாரங்கள் எத்தனை முறை கேட்டாலும் உடனே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பழைய வழிக்கே திரும்பிவிடுவார்கள்.

பெற்றோரிடம் பேசும்போது "வீட்டில் என்ன பிரச்சினை?" என்று ஆரம்பித்தால் அந்த உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். யாராக இருந்தாலும் அவர்களுக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். "அவன் நல்லா இருக்கிற நாள்ல காலையில என்ன நடக்குது?" என்று கேட்டால் பேசுவார்கள். பிறகு ஒவ்வொன்றாக: எத்தனை மணிக்கு எழுகிறான், சாப்பிட்டுவிட்டு வருகிறானா, பல்வலி காதுவலி ஏதாவது, புதிதாக மாத்திரை தொடங்கினார்களா, வழக்கமாகக் கூட்டி வருகிறவர் மாறிவிட்டாரா. ஒரு பாட்டி எனக்குக் காலையில் அனுப்பும் செய்தி "இன்னைக்கு சரியில்ல டீச்சர்" என்ற ஒரே வரிதான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வரி எனக்கு அரை நாளைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

வறுமை, அப்பாவின் நோய், பிரிந்துபோன குடும்பம் என்று நம்மால் தொட முடியாத காரணங்கள்தான் நிறைய. அவற்றைச் சரிசெய்ய முடியாது என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. காரணத்தை நீக்க முடியாத இடத்தில் அதன் வீச்சைக் குறைக்கலாம். வந்ததும் கால் மணி நேரம் நூலகத்தில் தனியாக இருந்துவிட்டு வகுப்புக்கு வந்தால் ஒரு பிள்ளையின் நாளே வேறு மாதிரி போகும். ஆனால் ஒரு எல்லை உண்டு. உடம்பில் காயம், பயம், துன்புறுத்தலுக்கான அறிகுறி எதுவாவது தெரிந்தால் அதை நோட்டில் எழுதி ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கவும் கூடாது. அன்றைக்கே, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் போக வேண்டும். விசாரிப்பது நம் வேலை இல்லை.

நோட்டை யாருக்கும் காட்டுவதில்லை. ஆசிரியர் அறையில் அதிலிருந்து ஒரு வரிகூடப் பேச மாட்டேன். ஒரு குடும்பத்தின் விஷயம் தேநீர் நேரப் பேச்சாகிவிட்டால் அந்தப் பாட்டியின் ஒற்றை வரியும் நின்றுவிடும். வருடக் கடைசியில் மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் எழுதி, பெற்றோரிடம் படித்துக் காட்டிவிட்டு, அடுத்த ஆசிரியரிடம் கொடுப்பேன். அவன் என்னென்ன செய்தான் என்பது அதில் இருக்காது. திங்கட்கிழமைப் பையனுக்குப் போன வருடம் எழுதியது இது: "லீவு முடிந்த முதல் நாள், முதல் பீரியட், வேலையைப் பாதியாக்கவும். பின்னால் நின்று பேச வேண்டாம். கரும்பலகை துடைக்கச் சொன்னால் சந்தோஷமாகச் செய்வான், அதில் தொடங்கலாம். பதினோரு மணிக்கு மேல் ஒன்றும் மாற்றத் தேவையில்லை."